போயா வாரமும் 7,400 கோடிக் கணக்கும்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர், நவம்பர் வாக்கில் தமிழக அரசு அடுத்த ஆண்டுக்கான பொது விடுமுறைப் பட்டியலை வெளியிடுகிறது. அண்மை ஆண்டுகளில் அது 24 நாட்கள். அதில் ஏப்ரல் 1 ஆண்டுக் கணக்கு முடிப்புக்காக வங்கிகளுக்கு மட்டும். பட்டியல் வெளியான அன்றே ஒரு வகுத்தல் கணக்கும் கூடவே வந்துவிடும். 2023-24இல் மாநிலத்தின் மொத்த உற்பத்தி சுமார் 27 லட்சம் கோடி ரூபாய். 365ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 7,400 கோடி. ஆகவே ஒரு நாள் மூடினால் 7,400 கோடி போயிற்று, 24 நாளுக்கு ஒன்றேமுக்கால் லட்சம் கோடி போயிற்று. இப்படி உழைக்காமல் கிடந்தால் நாடு எப்படி உருப்படும் என்ற கேள்வியோடு அந்தக் கணக்கு முடியும். எதிர்த் தரப்பும் சும்மா இருப்பதில்லை. தீபாவளிக்கு முன்பு ரங்கநாதன் தெருவில் கால்வைக்க இடமில்லை, தொடர் விடுமுறையில் ஊட்டியில் அறை கிடைக்கவில்லை, விடுமுறைதான் பணத்தைச் சுழலவைக்கிறது என்பார்கள்.

இரண்டு வாதத்திலும் மனம் ஒட்டவில்லை. தீபாவளித் துணியை விடுமுறை இல்லாவிட்டாலும் மக்கள் எடுக்கத்தான் போகிறார்கள். ஊட்டியில் செலவழித்த பணம் உள்ளூரில் வேறொரு கடைக்குப் போகாமல் நின்ற பணம். வகுத்தல் கணக்கோ இதைவிடப் பலவீனமானது. அந்த 27 லட்சம் கோடிக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தாலே போதும். பால் இருக்கிறது, மாடு பொங்கலன்றும் கறக்கும். நெல் இருக்கிறது, விடுமுறை நாளிலும் பால்பிடிக்கும். மின்சாரம், தொலைபேசி, பேருந்து, மருத்துவமனை, உணவகம் எல்லாம் இருக்கின்றன. விடுமுறையில் இவற்றில் சில கூடுதலாகவே ஓடும். சொந்த வீட்டில் குடியிருப்பவர் தனக்குத் தானே கொடுத்துக்கொள்வதாக மதிப்பிடப்படும் வாடகைகூட அந்தத் தொகையில் சேர்த்தி. அது விடுமுறை பார்ப்பதில்லை.

இதைவிட முக்கியமான ஓட்டை ஒன்று உண்டு. அரசு அலுவலகத்தின் உற்பத்தியைத் தேசியக் கணக்கில் எப்படி அளக்கிறார்கள்? அதற்குச் சந்தை விலை கிடையாது. எனவே ஆகும் செலவையே, அதாவது பெரும்பாலும் சம்பளத்தையே, உற்பத்தியின் மதிப்பாக எழுதுகிறார்கள். விடுமுறை நாளுக்கும் சம்பளம் உண்டு. ஆகவே சார்பதிவாளர் அலுவலகம் ஒரு நாள் பூட்டியிருந்தால் மொத்த உற்பத்திக் கணக்கில் அந்த அலுவலகத்தின் பங்கு ஒரு ரூபாய்கூடக் குறையாது. ஆனால் அன்று பத்திரம் பதிய வேண்டியவருக்குக் கடன் தொகை கிடைப்பது தள்ளிப்போகும், வீடு கட்ட வாங்கி இறக்கிய ஜல்லி அப்படியே கிடக்கும். இழப்பு இல்லாத இடத்தில் கோடிகளைக் காட்டுகிற கணக்கு, இழப்பு இருக்கும் இடத்தில் பூஜ்யத்தைக் காட்டுகிறது. விடுமுறை நாட்டுக்கு நல்லதா கெட்டதா என்று இந்தக் கருவியை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது.

உண்மையில் நடந்த ஒரு சோதனை உண்டு. 2022 செப்டம்பர் 8 அன்று பிரிட்டன் அரசி இரண்டாம் எலிசபெத் காலமானார். இறுதிச்சடங்கு நடந்த 19ஆம் தேதி நாடு முழுவதும் விடுமுறை. முன்னறிவிப்பு பத்து நாள்கூட இல்லை. அந்த மாதம் பிரிட்டனின் உற்பத்தி முதல் மதிப்பீட்டின்படி 0.6 சதவீதம் குறைந்தது. அடுத்த மாதமே 0.5 சதவீதம் கூடியது. குறைவு முழுதும் விடுமுறையால் வந்ததல்ல, ஏற்றம் முழுதும் ஈடுகட்டியதால் வந்ததுமல்ல. ஆனாலும் நின்ற வேலையில் பெரும்பகுதி காணாமல் போகவில்லை, தள்ளிப்போனது என்பது அந்த இரண்டு எண்களிலும் தெரிகிறது. அப்படியானால் கேட்க வேண்டியது வேறு கேள்வி. தள்ளிப்போன வேலையைத் திரும்பப் பிடிக்க என்ன செலவாகிறது? அதை யார் தருகிறார்கள்?

ஆலைக்குள் ஒரு விடுமுறை

தமிழ்நாட்டில் தொழிற்சாலைகளுக்கு அரசு அலுவலகப் பட்டியல் பொருந்தாது. அவற்றுக்கு 1958ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் தனியாக இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் கட்டாயம். நிர்வாகமும் தொழிலாளரும் கலந்து முடிவு செய்யும் பண்டிகை நாட்கள் ஐந்து. மொத்தம் 9 நாள், சம்பளத்தோடு. அன்று வேலைக்கு அழைத்தால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் மாற்று விடுமுறை. 365இல் வார ஓய்வு 52, இந்த 9 இரண்டையும் கழித்தால் 304 நாள் வேலை. விடுமுறைகளால் தொழில் அழிகிறது என்று பேசுகிறவர்கள் இந்த 9 என்ற எண்ணைச் சொல்வதே இல்லை. அரசு அலுவலகத்தின் 24ஐத் தூக்கி ஆலையின் தலையில் வைத்துவிடுகிறார்கள்.

நூறு பேர் வேலை செய்யும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஆளுக்கு 600 ரூபாய் என்றால் ஒரு விடுமுறைக்கு 60,000 ரூபாய் கூலி. இது தெரிந்த செலவு; ஆண்டுத் தொடக்கத்திலேயே விலையில் சேர்த்துவிடலாம். தெரியாமல் ஓடும் செலவு மின்கட்டணத்தில் இருக்கிறது. உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் ஆலை, ஓடின யூனிட்டுக்கு மட்டும் பணம் கட்டுவதில்லை. கேவிஏ என்ற மின்திறன் அளவில் மாதாந்திர டிமாண்ட் கட்டணமும், அதாவது உச்சத் தேவைக்கான கட்டணமும், கட்டுகிறது. பதிவான உச்சத் தேவை, ஒப்பந்தத் தேவையில் 90 சதவீதம், இந்த இரண்டில் எது அதிகமோ அதற்கு. ஆலை பூட்டியிருக்கும் நாளிலும் அந்தக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். வங்கி வட்டியும் அப்படியே. ஆகவே விடுமுறைக்குப் பிறகு ஏற்றுமதிக் கப்பலின் தேதி நெருக்கினால், விட்ட ஒரு நாளை ஓவர்டைமில் பிடிக்க வேண்டும். ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டைக் கூலி, அதாவது அதே ஒரு நாள் உற்பத்திக்கு 1,20,000 ரூபாய். உற்பத்தி குறையவில்லை, கப்பலும் தவறவில்லை. லாபத்தில்தான் துண்டு விழுந்தது. புள்ளிவிவரத்தில் இது எங்கும் தெரியாது.

நிறுத்துவதிலும் மறுபடி கிளப்புவதிலும் ஆகும் சேதம் தொழிலுக்குத் தொழில் மாறும். நூற்பாலையில் நூல் நூற்கும் இயந்திரமான ரிங் பிரேம் நின்றிருக்கும் போது ஈரப்பதம் தரும் இயந்திரமும் நிற்கும். கூடத்தில் ஈரப்பதம் 55-60 சதவீதத்துக்குக் கீழே போனால் பாபினில் இருக்கும் ரோவிங், அதாவது நூலாக நூற்பதற்கு முந்தைய பஞ்சுத் திரி, காய்ந்துபோகும். அப்படியே ஓட்டினால் இழை அறுந்துகொண்டே இருக்கும். அதனால் ஈரப்பத இயந்திரத்தை முதலில் ஓடவிட்டுக் கூடம் சமநிலைக்கு வந்த பிறகே பிரேமைக் கிளப்ப வேண்டும். முதல் ஷிப்டில் இழை அறுவது வழக்கத்தைவிட அதிகம்தான், அன்றைய கழிவுப் பஞ்சும் அதிகம்தான். விசைத்தறியில் பாவு (நெடுக்கு இழைகள்) இறுகிய நிலையிலேயே தறியை விட்டுப்போனால், திரும்ப ஓட்டும்போது துணியின் குறுக்கே ஒரு கோடு விழும். அதனால் தெரிந்த நெசவாளர் கிளம்பும் முன் பாவைத் தளர்த்திவிட்டுப் போவார். கோவை ஃபவுண்டரிகளின் இண்டக்ஷன் உலையில் உள்ளே இருக்கும் லைனிங் என்ற காப்புப் பூச்சு குளிர்ந்தால் வெடிப்பு விடும். உலோகத்தை முழுதாக வடித்துவிட்டு நிறுத்த வேண்டும். திரும்ப மூட்டும்போது வெப்பத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும், அப்போதுதான் மயிரிழை வெடிப்புகள் தாமே மூடிக்கொள்ளும். அவசரப்பட்டு ஏற்றினால் உருகிய உலோகம் அந்த வெடிப்பு வழியே, உலையைச் சுற்றியிருக்கும் மின்சுருளான காயிலைத் தொடும். அது உயிருக்கே ஆபத்து.

திருப்பூர்ச் சாயப்பட்டறையில் விடுமுறை முந்தைய நாளே தொடங்கிவிடுகிறது. ஈரத்துணியை இயந்திரத்துக்குள் விட்டுவிட்டுப் போக முடியாது, கறை பிடிக்கும். ஆகவே பூட்டும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, எட்டுப் பத்து மணி நேரத்துக்கு முன்பே கடைசி பேட்ச்சை ஏற்றிவிட வேண்டும். அதற்குமேல் இருக்கும் நேரத்தில் புதிதாக எதையும் ஏற்ற முடியாது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கோ விடுமுறையே கிடையாது. அங்கே தொட்டியில் இருக்கும் நுண்ணுயிர்களுக்குக் காற்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். கழிவுநீர் வரத்து நின்றால் அவை பட்டினி கிடந்து மெலியும்.

இவ்வளவையும் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புதன்கிழமை வரும் விடுமுறையும் திங்கட்கிழமை வரும் விடுமுறையும் ஆலைக்கு ஒன்றல்ல. ஞாயிறு வார ஓய்வு விடும் ஆலையில் திங்கள் விடுமுறை என்றால் ஒரே முறை நிறுத்தி ஒரே முறை கிளப்பலாம். புதன் என்றால் அந்த வாரத்தில் இரண்டு முறை. எண்ணிக்கையில் இரண்டும் ஒரு நாள்தான். இன்னொன்று: வார ஓய்வைச் சுழற்சியில் விட்டு நாள்தோறும் மூன்று ஷிப்ட் ஓட்டும் மில்களுக்கு, மொத்த மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு டிரான்ஸ்பார்மரைப் பார்க்கவும், பேனல் இணைப்புகளை முறுக்கவும், காற்றுக் குழாய்களைத் தூர்வாரவும் கிடைப்பது இந்தப் பண்டிகை நாட்கள்தான். மூன்று மாதம் முன்பே தெரிந்த விடுமுறையை நல்ல மேலாளர் பராமரிப்பு நாளாக மாற்றிவிடுவார்: உதிரிபாகம் வரவழைத்திருப்பார், ஒப்பந்த ஆட்களுக்குத் தேதி சொல்லியிருப்பார். முந்தைய நாள் இரவு அறிவிக்கும் விடுமுறையில் இது எதுவும் நடக்காது. அந்த நாள் முழுதும் நஷ்டம்.

நிலாவைப் பின்பற்றிய ஐந்தரை ஆண்டு

எண்ணிக்கைதான் எல்லாம் என்ற நம்பிக்கையை உடைக்கும் ஓர் எடுத்துக்காட்டு நமக்கு மிகப் பக்கத்தில், இலங்கையில், நடந்திருக்கிறது. இந்த விவாதத்தில் அதை ஏன் யாருமே எடுப்பதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

1966 ஜனவரியில், டட்லி சேனநாயக்க ஆட்சியில், அன்றைய சிலோன் சனி, ஞாயிறு வார ஓய்வைக் கைவிட்டது. அதற்குப் பதிலாகப் போயா நாட்கள்: அமாவாசை, வளர்பிறைப் பாதி, பௌர்ணமி, தேய்பிறைப் பாதி. போயா அன்று முழு விடுமுறை, அதற்கு முந்தைய நாள் அரை நாள். குடியேற்ற ஆட்சி கொண்டுவந்த கிறிஸ்தவ ஞாயிற்றுக்கு மாற்றாக, பௌத்தர்கள் நோன்பிருந்து விகாரைக்குப் போகும் நாளே நாட்டின் ஓய்வு நாளாக இருக்க வேண்டும் என்பது அதன் நியாயம். அந்த நியாயத்தை நான் எளிதாக ஒதுக்கமாட்டேன். ஒரு சமூகம் எந்த நாளில் கூடி ஓய்கிறது என்பதை அதுவே தீர்மானிக்க நினைப்பது இயல்பானது.

சிக்கல் நிலாவின் கணக்கில் இருந்தது. ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு 29.53 நாள். அதை நான்காகப் பிரித்தால் 7.38 நாள். எனவே ஒரு போயாவிலிருந்து அடுத்த போயாவுக்குச் சில முறை ஏழு நாள், சில முறை எட்டு நாள். கிழமைகளின் பெயர்கள் மாறவில்லை. ஆனால் ஓய்வு நாள் இந்த வாரம் புதன், அடுத்த வாரம் வியாழன், பிறகு வெள்ளி என்று நகர்ந்துகொண்டே இருந்தது. நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று தெரிய நாட்காட்டியைப் பார்க்க வேண்டும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஓராண்டில் ஞாயிற்றுக்கிழமைகள் 52. ஓராண்டில் போயா நாட்கள், 365ஐ 7.38ஆல் வகுத்தால், 49 அல்லது 50. அதாவது போயா முறையில் வார ஓய்வு கூடவில்லை, இரண்டு மூன்று நாள் குறைந்தது! விடுமுறையைக் குறைத்தால் பொருளாதாரம் வளரும் என்பது விதியானால், அது சிலோனுக்கு உதவியிருக்க வேண்டும். 1971இல், சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சியில், அந்த முறை கைவிடப்பட்டது. உலகோடு வணிகம் செய்வதில் ஏற்பட்ட இடைஞ்சலே முக்கியக் காரணம்.

அந்த இடைஞ்சல் எவ்வளவு பெரியது என்பதையும் கணக்கிடலாம். நகரும் ஓய்வு நாள் ஏழு கிழமைகளிலும் சமமாக விழும் என்று கொண்டால், 50 போயாக்களில் 35, 36 நாள் திங்கள் முதல் வெள்ளிக்குள் விழும். லண்டனில் வங்கி திறந்திருக்கும் அந்த நாட்களில் கொழும்பு பூட்டியிருக்கும். முந்தைய நாள் அரை விடுமுறையிலும் அதே அளவு அரை நாட்கள் போகும். மறுபுறம், கொழும்பில் எல்லோரும் மேசையில் உட்கார்ந்திருக்கும் பெரும்பாலான ஞாயிறுகளில், மறுமுனையில் தந்தியைப் பார்க்க ஆள் இருக்காது. தேயிலை, ரப்பர், தென்னை ஆகிய மூன்றின் ஏற்றுமதியில் வாழ்ந்த நாடு அது. கடன் உறுதிக் கடிதத்துக்குக் கெடு உண்டு, கப்பலுக்கு நாள் உண்டு, காப்பீட்டுப் பாலிசிக்குத் தேதி உண்டு. இவை எல்லாம் மறுமுனையின் நாட்காட்டியில் ஓடின. உழைத்த நாட்கள் கூடியிருந்தும், மற்றவரோடு சேர்ந்து உழைக்கும் நாட்கள் சுருங்கிப்போயின.

மலையகத் தோட்டங்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. தேயிலைச் செடிக்கு அதன் சொந்த வாரம் இருக்கிறது. ஒரு மலையில் கொழுந்து பறித்தால் ஏழு நாள் அளவில் திரும்ப வந்து பறிக்க வேண்டும். விட்டால் இலை முற்றி, ஆலையில் தரம் இறங்கும். பறித்த கொழுந்து அன்றிரவே ஆலையில் வாட்டத்துக்கு, அதாவது ஈரம் போக உலர்த்துவதற்கு, போக வேண்டும். அங்கே தமிழ்த் தொழிலாளிக்குக் கூலி என்பது செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அன்றைக்குப் பேர் விழுந்ததா, அரைப்பேர் விழுந்ததா என்பதுதான். ஓய்வு நாள் எந்தக் கிழமையில் வந்தாலும், பேர் விழாத நாள் அடுப்பில் தெரியும்.

1971இன் விடுமுறைச் சட்டம் ஒரு சமரசத்தைச் செய்தது. சனி, ஞாயிறு திரும்பி வந்தது. பௌர்ணமிப் போயா மட்டும் பொது விடுமுறையாக நீடித்தது. இன்றும் மாதந்தோறும் அது உண்டு. மற்ற சமயங்களின் பண்டிகைகளும் சேர்ந்து, இலங்கையின் பட்டியல் ஆண்டுக்கு 25 நாள் அளவில் இருக்கிறது. உலகிலேயே அதிகம் என்று அதைக் குறைசொல்வது வழக்கம். ஆனால் அந்தப் பட்டியலை வாசிக்கத் தெரிந்தால் அதில் ஒரு நுட்பம் தெரியும்: பொது, வங்கி, வர்த்தக விடுமுறை என்று ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனிக் குறி உண்டு. எல்லா நாளும் மூன்று குறியும் பெறுவதில்லை. அரசு அலுவலகம் மூடும் நாளில் கடைகளும் நிறுவனங்களும் திறந்திருக்கலாம். ஓராண்டு முன்பே அச்சாகி, எது யாருக்கு என்று எழுதியிருக்கும் 25 நாட்கள், கண்ணை மூடிக்கொண்டு அறிவித்த 10 நாட்களைவிட மலிவானவை என்றே நான் சொல்வேன்.

ஒரு நாளுக்குச் சீட்டு ஒட்டிய நாடுகள்

விடுமுறையின் விலையைப் பொத்தாம்பொதுவாகப் பேசாமல், சம்பளச் சீட்டிலேயே எழுதிக் காட்டிய இடங்கள் இருக்கின்றன. ஜெர்மனியில் 1995 ஜனவரியில் முதியோர், நோயாளிகளைப் பராமரிக்கும் செலவுக்கான காப்பீடு தொடங்கியது. சந்தாவில் பாதி தொழிலாளி, பாதி முதலாளி. முதலாளிகளின் பாதிச் சுமைக்கு ஈடாக, நவம்பர் மாதப் புதன்கிழமை ஒன்றில் வரும் மனந்திரும்புதல், செபநாள் விடுமுறையை மாநிலங்கள் ரத்து செய்தன. சாக்சனி மட்டும் மறுத்தது. அங்கே இன்றும் அந்தப் புதன் விடுமுறை. விலையாக, சாக்சனித் தொழிலாளர் மற்ற மாநிலத்தவரைவிட அரை சதவீதப் புள்ளி கூடுதலாகச் சந்தா கட்டுகிறார்கள். 2025இல் மொத்தச் சந்தா 3.6 சதவீதம், மற்ற இடங்களில் ஆளுக்கு 1.8, சாக்சனியில் தொழிலாளி 2.3, முதலாளி 1.3. மாதம் 3,000 யூரோ வாங்குபவருக்கு இது மாதம் 15, ஆண்டுக்கு 180 யூரோ. அவருடைய ஒரு நாள் சம்பளம், ஆண்டுக்கு 250 வேலை நாள் என்று வைத்தால், 144 யூரோ. ஒரு நாள் கூலியைவிடச் சற்றுக் கூடுதலாகவே கொடுத்து அந்த நாளை அவர்கள் முப்பது ஆண்டுகளாக வைத்திருக்கிறார்கள். சரியா தவறா என்பது அவர்கள் பாடு. விலை மறைக்கப்படவில்லை, அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

டென்மார்க் எதிர்த்திசையில் போனது. ஈஸ்டருக்குப் பிந்தைய நான்காம் வெள்ளியில் வரும் பெரும் செபநாள், 1686இல், பல சிறு செபநாட்களை ஒன்றாகத் திரட்டி உருவான விடுமுறை. அன்று ரொட்டி சுடுவோருக்கும் ஓய்வு என்பதால் முந்தைய மாலையே கோதுமை பன் சுட்டு விற்பது வழக்கமாயிற்று. பாதுகாப்புச் செலவுக்குப் பணம் திரட்ட இந்த நாளை ரத்து செய்ய அரசு முனைந்தது. ஆண்டுக்குச் சுமார் 300 கோடி குரோனர் கருவூலத்துக்குக் கிடைக்கும் என்றது. 2023 பிப்ரவரியில் கோபன்ஹேகனில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு எதிர்த்தார்கள். அந்த மாத இறுதியில் 95க்கு 68 என்ற வாக்கில் சட்டம் நிறைவேறியது. 2024 முதல் அது வேலை நாள். மாதச் சம்பளக்காரருக்கு ஈடாக ஆண்டுச் சம்பளத்தில் 0.45 சதவீதம் கூட்டிக் கொடுக்கிறார்கள். 222 நாளில் ஒரு நாள் என்பதே அந்த எண்ணின் பொருள். வேலை கூடினால் கூலியும் கூட வேண்டும் என்பதை ரத்து செய்த அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது.

பிரான்ஸில் 2003 கோடை வெப்ப அலையில் சுமார் 15,000 பேர், பெரும்பாலும் முதியோர், மாண்டபோது, மறு ஆண்டே முதியோர் பராமரிப்புக்காக ஒரு நாள் ஊதியமில்லா உழைப்பும், முதலாளிகளிடமிருந்து 0.3 சதவீதத் தொகையும் என்று சட்டம் வந்தது. அதே நாட்டில் 2025 ஜூலையில், எதற்கென்று மக்கள் மனதில் பதியாத வெறும் பற்றாக்குறைக் கணக்குக்காக இரண்டு விடுமுறைகளை நீக்கப் பிரதமர் பாய்ரூ முன்மொழிந்தார். செப்டம்பரில் நம்பிக்கை வாக்கெடுப்பில் அவர் அரசு வீழ்ந்தது, அடுத்து வந்தவர் அந்த யோசனையைக் கைவிட்டார்.

நம் சனிக்கிழமை

தமிழகத்தில் இப்போது ஒரு பழக்கம் ஊன்றிவருகிறது. 2024இல் தீபாவளி வியாழக்கிழமை, அக்டோபர் 31. ஆண்டுப் பட்டியலில் இல்லாத நவம்பர் 1 வெள்ளியை அக்டோபரில் விடுமுறையாக அறிவித்தார்கள். ஈடாக நவம்பர் 9 சனி வேலை நாள். 2025 பொங்கலுக்கும் அப்படியே, ஜனவரி 17 விடுமுறை, 25 சனி வேலை. ஊருக்குப் போகிறவர்கள் இரண்டு முறை அலைய வேண்டாம் என்ற நோக்கம் நல்லது; பேருந்துகளின் நெரிசலும் பிரியும். ஆனால் நவம்பர் 1 வெள்ளி என்பது ஓராண்டு முன்பே நாட்காட்டியில் தெரிந்த விஷயம். பட்டியல் போடும்போதே ஈடுகட்டும் சனியையும் சேர்த்துப் போட்டிருந்தால், மில்காரர் தன் பராமரிப்பை அங்கே வைத்திருப்பார், பள்ளிகள் தேர்வை நகர்த்தியிருக்கும், ரயில் சீட்டு எடுப்பவர் அறுபது நாளுக்கு முன்பே எடுத்திருப்பார். செலவே இல்லாத சீர்திருத்தம் இது. இன்னும் செய்யாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

உள்ளூர் விடுமுறை அறிவிக்கும்போது ஆட்சியரின் செய்திக்குறிப்பில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: இது செலாவணி முறிச் சட்டம் 1881இன்படி பொது விடுமுறை அல்ல என்று. பலரும் தாண்டிவிடும் அந்த வரியில்தான் பணம் சம்பந்தப்பட்ட விஷயம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் விடுமுறை என்றால் வங்கி மூடும். அன்று கெடு விழும் உண்டியலுக்கு (குறித்த நாளில் பணம் தர வேண்டிய வணிகச் சீட்டு) முந்தைய வேலை நாளே கெடு ஆகிவிடும், மறுநாள் அல்ல. இந்த வலியைக் குறைத்தது விடுமுறைக் குறைப்பு அல்ல. வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் முறைகளில் 2019 டிசம்பரில் நெஃப்ட், 2020 டிசம்பரில் ஆர்டிஜிஎஸ் நாள் முழுதும், ஆண்டு முழுதும் இயங்கத் தொடங்கின. 2021 ஆகஸ்டில் சம்பளமும் தவணையும் போகும் நாச் முறையும் எல்லா நாளும் ஓடியது. வெள்ளி முதல் திங்கள் வரை வங்கி மூடினால் கூலி நின்றுபோன காலம் அதோடு போயிற்று. விடுமுறை எண்ணிக்கை அப்படியே இருக்க, ஒரு விடுமுறைக்கு ஆகும் செலவு இறங்கிவிட்டது. 2017இல் உத்தரப் பிரதேசம் தலைவர்களின் பிறந்தநாள், நினைவுநாள் விடுமுறைகள் 15ஐ ஒரே வீச்சில் ரத்து செய்ததுதான் தலைப்புச் செய்தி ஆயிற்று. வணிகருக்கு அதைவிட உதவியது நள்ளிரவிலும் போய்ச்சேரும் பணம் என்பது என் முடிவு.

இதுவரை சொன்னது எல்லாம் மாதச் சம்பளமோ, சட்டப்படி விடுமுறைக் கூலியோ கிடைப்பவர்களைப் பற்றி. சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் பீஸ் ரேட்டில் தைப்பவருக்கும் பொது விடுமுறை என்பது கூலி இல்லாத நாள். அவர்களிடம் போய் விடுமுறை கூடலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பார்கள்; அதை எடுத்துக்காட்டி, உழைப்பாளிகளே விடுமுறையை விரும்பவில்லை என்று எழுதுகிறவர்களும் உண்டு. அவர்கள் வேண்டாம் என்பது ஓய்வை அல்ல, பசியை. ஆலைத் தொழிலாளியின் அதே 9 நாளைக் கட்டுமானத் தொழிலாளிக்கும் கூலியோடு கொடுத்தால் என்ன ஆகும் என்று சாக்சனிக்காரரைப் போலக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 304 வேலை நாளுக்கு 9 நாள் என்றால் கூலியில் சுமார் 3 சதவீதம். கட்டடச் செலவில் கூலி மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால், மொத்தச் செலவில் 1 சதவீதம். கட்டுமானத் தொழிலாளர் நலநிதிக்கு இப்போது கட்டடச் செலவில் வசூலிக்கப்படுவதும் அதே 1 சதவீதம்தான். ஆகவே வசூலிக்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது. 50 லட்ச ரூபாய்க்குக் கட்டும் வீட்டுக்கு, அதைக் கட்டிய அத்தனை பேருக்கும் அந்த வேலைக்கு உரிய விடுமுறைக் கூலியும் சேர்த்து, இன்னொரு 50,000 ரூபாய்.